வன்னி வளாகங்களில் சுகாதார அறிவித்தல் பலகைகள்: மொழித் தெரிவிலிருந்து பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இயங்கும் கிளிநொச்சி அறிவியல்நகராக இருந்தாலும், சுகாதார அறிவித்தல்களைத் தயாரிக்கும் வேலை பெரும்பாலும் அதற்கெனப் பயிற்சி பெறாத ஒருவரிடமே வந்து சேர்கிறது. விடுதிப் பொறுப்பாளர், உதவிப் பதிவாளர், மருத்துவ நிலைய ஊழியர், மாணவர் ஒன்றியச் செயலாளர் ஆகியோரில் ஒருவராக நீங்கள் இருந்து, மழைக்காலம் வருமுன் பலகைகளை மாட்டி முடிக்க வேண்டும் என்று உங்களிடம் சொல்லப்பட்டிருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்குரியது.

புதிதாக இதைச் செய்பவர்கள் இடறும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அவர்கள் வடிவமைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். இணையத்தில் கிடைத்த ஓர் அழகான படத்தையும் அதனோடு வந்த ஆங்கில வாசகத்தையும் எடுத்துக்கொண்டு, மிஞ்சிய இடத்தில் தமிழையும் சிங்களத்தையும் நிரப்பித் தருமாறு யாரிடமாவது கேட்கிறார்கள். அப்போது அந்த இரு மொழிகளும் பலகையின் கீழ் விளிம்பில், சிறிய எழுத்தில், இடத்துக்கேற்ப வெட்டப்பட்ட சொற்களில் வந்து நிற்கின்றன. ஆகவே இங்கே ஒழுங்கு வேறு: வாசிப்பவர், செய்தி, வாசகம், சோதனை, ஒப்புதல் ஆகியவை முடிந்த பின்னரே வடிவமைப்பு. இந்த ஒழுங்கைக் கைவிட்டால் மற்றப் படிகளை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பயன் குறைவு.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வளாகத்தின் வரைபடம். கையால் வரைந்ததாக இருந்தாலும் போதும். தண்ணீர்க் குழாய்கள், தொட்டிகள், மலசலகூடங்கள், சிற்றுண்டிச்சாலை, ஆய்வுகூடங்கள், விடுதிகள், வயல் நிலங்கள் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, இப்போது தொங்கும் எல்லாப் பலகைகளின் ஒளிப்படங்கள். பழையதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் ஒரே சுவரில் ஒன்றுக்கொன்று முரணான இரு அறிவுறுத்தல்கள் வந்துவிடும்.

மூன்றாவது, ஆட்கள். ஒவ்வொரு மொழிக்கும் எழுதுவதற்கு ஒருவரும், எழுதியதை முன்பின் அறியாமல் வாசிப்பதற்கு இன்னொருவரும் தேவை. எழுதியவருக்குத் தன் வாக்கியத்தின் பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால், அதில் விடுபட்டது அவர் கண்ணுக்குத் தெரியாது.

நான்காவது, உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடனும் ஒரு தொடர்பு. எந்த நோய் இப்போது பரவுகிறது, எந்தக் கிணற்று நீர் குடிக்க உகந்தது என்ற தகவல்களை அவர்களிடமிருந்தே பெற வேண்டும்.

2. ஒவ்வோர் இடத்திலும் யார் நின்று வாசிப்பார் என்று குறித்தல்

வரைபடத்தை எடுத்துக்கொண்டு நடந்து செல்லுங்கள். பலகை வரவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இங்கே யார் நிற்பார், எவ்வளவு நேரம் நிற்பார், எந்த நிலையில் நிற்பார். மலசலகூட வாயிலில் நிற்பவருக்குச் சில விநாடிகளே உண்டு. மருத்துவ நிலைய வாங்கில் இருப்பவருக்கு அரை மணி நேரம் இருக்கலாம், ஆனால் அவருக்குக் காய்ச்சல் இருக்கும்.

வன்னி வளாகங்களின் வாசகர்கள் ஒரே வகையினர் அல்லர். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த தமிழ் மாணவர்கள், தமிழ் பேசும் முஸ்லிம் மாணவர்கள், தென்பகுதியிலிருந்து வந்த சிங்கள மாணவர்கள், அயல் கிராமங்களிலிருந்து நாளாந்தம் வரும் சுத்திகரிப்புத் தொழிலாளர்கள், சிற்றுண்டிச்சாலை ஊழியர்கள், பாதுகாப்பு உத்தியோகத்தர்கள், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் ஆகிய எல்லோரும் ஒரே குழாயடியில் நிற்கக்கூடும்.

இங்கேதான் மிகப் பெரிய தவறான முடிவு எடுக்கப்படுகிறது. கற்பித்தல் ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆகவே எல்லோரும் ஆங்கிலம் வாசிப்பார்கள் என்று அலுவலகம் கருதிவிடுகிறது. விரிவுரைக் குறிப்பை ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்து விளங்கிக்கொள்ளும் முதலாம் ஆண்டு மாணவர், நள்ளிரவில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைப் பாம்பு கடித்த வேளையில் அதே வேகத்தில் வாசிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அவசரத்திலும் அச்சத்திலும் மனிதர் தம் தாய்மொழியையே விரைவாக வாசிக்கிறார். தொட்டியைக் கழுவுபவரும் உணவைப் பரிமாறுபவரும் ஆங்கிலக் கற்பித்தலோடு தொடர்பே இல்லாதவர்கள். ஆனால் வளாகத்தின் நோய்த்தடுப்பு அவர்களின் கைகளில்தான் பெருமளவு தங்கியுள்ளது.

3. செய்தியை வகைப்படுத்தி, மொழியை முடிவு செய்தல்

எல்லாச் செய்திக்கும் ஒரே விதி பொருந்தாது. நான் பின்பற்றும் பிரிவு இது.

உயிர் காக்கும் செய்திகளான பாம்புக்கடி, தீ, ஆய்வுகூட விபத்து, 1990 என்ற அம்புலன்ஸ் எண் ஆகியவை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே பலகையில் இருக்க வேண்டும். மூன்றையும் மூன்று சுவர்களில் மாட்டினால், தேவைப்படும் நேரத்தில் ஒருவர் தம் மொழியைத் தேடி அலைய நேரிடும்.

நாளாந்த நடத்தை பற்றிய செய்திகளான கை கழுவுதல், தொட்டி துப்புரவு, கழிவு பிரித்தல், புகைத்தல் தடை ஆகியவையும் நிரந்தரமாகத் தொங்குபவை என்பதால் மும்மொழியிலேயே அமைய வேண்டும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் இப்போது தமிழ் ஊழியர் மட்டுமே வேலை செய்கிறார்கள் என்பது போதிய காரணமல்ல. அடுத்த ஒப்பந்தத்தில் ஆட்கள் மாறுவர், பலகை அங்கேயே இருக்கும்.

சேவை பற்றிய செய்திகளில் இன்னொரு கவனம் தேவை. மருத்துவ நிலையம், உளவளத்துணை, தொலைபேசி உதவி ஆகியவற்றைச் சிங்களத்தில் அறிவிக்கும் பலகை, அங்கே சிங்களத்தில் பேச முடியும் என்று வாக்களிக்கிறது. தமிழுக்கும் அப்படியே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 போன்ற எண்ணை அச்சிடுமுன் நீங்களே அழைத்து, எந்த மொழியில் எந்த நேரத்தில் பதில் கிடைக்கிறது என்று அறிந்து எழுதுங்கள். மனம் உடைந்த நிலையில் அழைக்கும் ஒருவர், தமக்கு விளங்காத மொழியில் பதில் வந்தால் மறுமுறை அழைக்க மாட்டார்.

தற்காலிக அறிவித்தல்கள், அதாவது திடீரென டெங்கு பரவும்போதோ கிணற்று நீர் மாசடைந்தபோதோ ஒட்டப்படும் தாள்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேளையில் வெளிவர வேண்டும். ஆங்கிலம் மறுநாள் வந்தாலும் பாதகமில்லை. இப்போதைக்கு ஒரு மொழியில் ஒட்டுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்ற முடிவுக்கு மட்டும் இடங்கொடாதீர்கள். ஒரு மொழியில் மட்டும் ஒட்டிய அன்றே, ஒரு பகுதி மாணவர் அந்த நீரைக் குடித்துவிடுவார்கள்.

அலுவலகத்தில் யாராவது செலவைக் காட்டி மறுத்தால், சட்ட நிலையை அமைதியாக எடுத்துச் சொல்லலாம். 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தத்தின் பின்னர் அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. மொழி உரிமை மீறப்பட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் எவரும் முறையிடலாம். எனவே நம் பகுதியில் தமிழ் மேலே, அடுத்துச் சிங்களம், பின்னர் ஆங்கிலம் என்ற வரிசை பொருத்தமானது. ஆனால் மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மேலே இருப்பதை மட்டும் பெரிதாக்கினால், மற்ற இரு மொழியினருக்கும் இது உங்களுக்குரியதல்ல என்று சொன்னதாகிவிடும்.

4. தமிழ் வாசகத்தை எழுதுதல்

வாசகத்தை எழுதுமுன், பலகையைப் பார்த்தவர் செய்ய வேண்டிய செயல்களைப் பட்டியலிடுங்கள். ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம். ஐந்து செயல்களுக்கு மேல் வந்தால் அது இரண்டு பலகைகளுக்குரிய செய்தி.

அடுத்தது வினை. அலுவலகத் தமிழுக்குப் பழகிய கை, “நீர்த்தாங்கிகள் வாரந்தோறும் சுத்திகரிக்கப்படல் வேண்டும்” என்று எழுதும். யார் செய்வது என்பது அதில் இல்லை. ஆகவே எவரும் செய்வதில்லை. “இந்தத் தொட்டியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெறுமையாக்கி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்” என்பதில் ஆளும் செயலும் நாளும் உண்டு. டெங்கு நுளம்பின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருப்பதால் நீரை ஊற்றுவது மட்டும் போதாது; முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் செல்வதால் வாரம் ஒரு முறை என்ற இடைவெளி பொருந்துகிறது. இந்தக் காரணத்தை வாக்கியத்தின் கீழ் ஒரே வரியில் சேர்த்துவிட்டால், தேய்க்கச் சொல்வது வெறும் கட்டளையாகத் தோன்றாது.

சொற்களை இங்கே பேசப்படும் தமிழிலிருந்தே எடுங்கள். நுளம்பு, சவர்க்காரம், மலசலகூடம், வைத்தியசாலை, கொதித்தாறிய நீர் ஆகியவை வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் எழுத்தில் பழகிய சொற்கள். தமிழகத்துச் சுவரொட்டிகளை இறக்கி அப்படியே அச்சிடும்போது கொசு, சோப்பு, கழிப்பறை என்று வந்துவிடுகின்றன. விளங்காமல் போகாது, ஆனால் வேறெங்கோ உள்ளவர்களுக்கான அறிவித்தல் என்ற எண்ணம் உண்டாகி, கண் அதைக் கடந்து சென்றுவிடுகிறது. இதற்கு எதிரான மிகையும் உண்டு. நோயாளர் காவு வண்டி என்பது கடிதத்துக்கு ஏற்ற சொல். அவசரப் பலகையில் அம்புலன்ஸ் என்றே எழுதுங்கள், ஏனெனில் எல்லோர் வாயிலும் வருவது அதுவே.

பாம்புக்கடிப் பலகைக்கு நான் பரிந்துரைக்கும் வாசகம் இது: “பாம்பு கடித்தவரை இருத்துங்கள், நடக்க விடாதீர்கள். கடிபட்ட கையை அல்லது காலை அசையாமல் வையுங்கள். மோதிரம், காப்பு, இறுக்கமான உடை ஆகியவற்றைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். 1990ஐ அழையுங்கள்.” செய்ய வேண்டியது முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. தடைகளின் நீண்ட பட்டியலை முதலில் வாசிப்பவர், அதற்குப் பதிலாக என்ன செய்வதென்று தெரியாமல் நேரத்தை இழக்கிறார். புடையன் பாம்பு கடித்த இடம் வீங்கும்போது மோதிரமும் காப்பும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால் அவை தனி வரி பெறுகின்றன.

காய்ச்சல் பற்றிய விடுதிப் பலகையிலும் பொத்தாம்பொதுவாக எழுதக்கூடாது. “காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் எடுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனாக் எடுக்காதீர்கள். காய்ச்சல் இரண்டாம் நாளும் தொடர்ந்தால் மருத்துவ நிலையத்துக்குச் செல்லுங்கள்” என்று மருந்தின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும். டெங்கு நோயாளருக்கு இந்த மருந்துகள் இரத்தக்கசிவை மோசமாக்கும். வலி மருந்துகளைத் தவிர்க்கவும் என்ற மூடலான சொல்லால் அந்த ஆபத்து விளங்காது. வயலில் வேலை செய்யும் விவசாய பீட மாணவருக்கான எலிக்காய்ச்சல் அறிவித்தலும் அவ்வாறே: காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள், தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

வெட்கத்தால் மழுப்பப்படும் ஒரு பலகையையும் குறிப்பிட வேண்டும். பெண்கள் மலசலகூடங்களில் “கழிவுகளை இதற்குள் இட வேண்டாம்” என்று எழுதப்படுகிறது. எந்தக் கழிவு, எங்கே இடுவது என்பது இல்லை. “சுகாதாரத் துவாயைத் தாளில் சுற்றி, மூடியுள்ள இந்தக் கூடையில் போடுங்கள்” என்று எழுதி, அந்தக் கூடையை அதே இடத்தில் வைத்தால் குழாய் அடைபடாது, மாணவியரும் தடுமாற மாட்டார்கள்.

5. சிங்கள, ஆங்கில வாசகங்களை எழுதுதல்

சிங்கள வாசகத்தை உங்கள் தமிழ் வாக்கியத்திலிருந்து மாற்றச் சொல்லாதீர்கள். செயல் பட்டியலைக் கொடுத்து, சிங்களம் தாய்மொழியான ஒருவரைத் தம் மொழியில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதப்பட்டதே இயல்பாக இருக்கும். சுகாதார அமைச்சின் சுகாதார மேம்பாட்டுப் பணியகம் வெளியிட்ட மும்மொழி வாசகம் அந்தச் செய்திக்கு ஏற்கெனவே இருந்தால், புதிதாக எழுதாமல் அதையே முதலில் பரிசீலியுங்கள். துறைச்சொற்களில் ஐயம் வந்தால் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் உதவும்.

இயந்திர மொழிபெயர்ப்பை, மற்ற மொழி வாசகம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கே விளங்கிக்கொள்ளப் பயன்படுத்தலாம். அச்சுக்குப் போகும் வரியாக அதை ஏற்காதீர்கள். மருந்தின் அளவும் தடைச் சொல்லும் அதில் எப்போது பிறழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

6. வாசித்துக் காட்டிச் சோதித்தல்

வாசகங்களை வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பலகை வரப்போகும் இடத்துக்கே எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் தயாரிப்பில் பங்குபெறாத மூவரிடம் காட்டுங்கள். அவர்களில் ஒருவர் ஊழியராக இருக்க வேண்டும்.

விளங்குகிறதா என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்றே சொல்வார்கள், விளங்காதவர் மரியாதைக்காக இன்னும் உறுதியாகச் சொல்வார். “இதைப் பார்த்தால் இப்போது என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, அவர் சொல்வதையும் செய்து காட்டுவதையும் கவனியுங்கள். தொட்டியைத் தேய்க்கச் சொன்ன வாசகத்தை வாசித்த ஊழியர் தேய்ப்பதற்குத் தூரிகை எங்கே என்று கேட்டால், வாசகம் சரியாகவே இருக்கிறது, தூரிகைதான் இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்ய வசதியில்லாத ஒன்றைச் சொல்லும் பலகை நாளடைவில் மற்றப் பலகைகளின் மதிப்பையும் கெடுக்கும்.

7. ஒப்புதலை வாசகத்துக்குப் பெறுதல்

மூன்று வாசகங்களையும் ஒரே தாளில் வரிக்கு வரி நேராக வைத்து, அந்தத் தாளுக்கே ஒப்புதல் பெறுங்கள். மருத்துவத் தகவலுக்கு வைத்திய அதிகாரியும், ஒவ்வொரு மொழிக்கும் அதை வாசித்துச் சரிபார்த்தவரும், இறுதியில் பதிவாளர் அலுவலகமும் கையொப்பமிட வேண்டும். வடிவமைத்த பின் ஒப்புதலுக்கு அனுப்பினால் எல்லோரும் நிறத்தையும் இலச்சினையின் இடத்தையும் பற்றியே கருத்துச் சொல்வார்கள். வாசகத்திலுள்ள பிழை கண்ணில் படாது.

8. பலகையை வடிவமைத்தல்

இந்தப் படியில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவான ஓர் ஆபத்து உள்ளது. ஆங்கிலத்தில் தடைச் சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். தமிழிலும் சிங்களத்திலும் அது இறுதியில் வரும். “இந்த நீரைக் குடிக்க வேண்டாம்” என்ற வாக்கியம் இரு வரிகளாக உடைந்து, இரண்டாம் வரி செடியாலோ தூசியாலோ மேலே ஒட்டிய இன்னொரு தாளாலோ மறைந்தால், எஞ்சுவது குடிக்கச் சொல்லும் வரி.

வன்னி வெயிலில் இது இன்னும் மோசமாகிறது. வடிவமைப்பாளர் அழுத்தம் தருவதற்காக “வேண்டாம்” என்ற சொல்லை மட்டும் சிவப்பாக்குகிறார். வெயிலில் முதலில் மங்கும் மைகளில் சிவப்பும் ஒன்று. கறுப்பில் எழுதிய மற்றச் சொற்கள் தெளிவாக நிற்க, தடைச் சொல் வெளிறிப்போகிறது. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் சில இடங்களில் புளோரைட்டும் சிறுநீரக நோய் பற்றிய அச்சமும் உள்ள வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் குழாயடிப் பலகை இப்படிப் பொருள் மாறி நிற்பதை எந்த வகையிலும் அனுமதிக்க முடியாது.

ஆகவே நான்கு கட்டுப்பாடுகளைக் கடைப்பிடியுங்கள். தடை வாக்கியம் ஒரே வரியில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்காமல் வாக்கியத்தைச் சுருக்குங்கள். தடைச் சொல்லும் மற்றச் சொற்களும் ஒரே கறுப்பில் இருக்கட்டும். சிவப்பு, குறுக்குக்கோடிட்ட வட்டச் சின்னத்துக்கு மட்டும் உரியது. இயன்ற இடங்களில் தடையை உடன்பாடாக மாற்றுங்கள்: “இது கழுவுவதற்கான நீர். குடிநீர் சிற்றுண்டிச்சாலை வாயிலில் உண்டு” என்ற பலகையில் எந்த வரி மங்கினாலும் தீங்கு விளையாது.

சின்னங்களைப் பொறுத்தவரை, பாதுகாப்புச் சின்னங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 7010இல் தடைக்குச் சிவப்பு வட்டம், கட்டாயச் செயலுக்கு நீல வட்டம், எச்சரிக்கைக்கு மஞ்சள் முக்கோணம், முதலுதவிக்குப் பச்சைச் சதுரம் என்று வகுக்கப்பட்டுள்ளது. அழகுக்காக நிறத்தை மாற்றாதீர்கள். சின்னம் மொழிக்கு உதவும், அதன் இடத்தை நிரப்பாது. கைமேல் நீர் விழும் படத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் கழுவுவதென்று யாருக்கும் தெரியாது.

எழுத்தின் அளவுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு: மூன்று மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்க வேண்டிய பலகையில் “க” என்ற எழுத்தின் உயரம் 25 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஒரே புள்ளி அளவைக் கொடுத்தால் மூன்று மொழிகளும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றா. அச்சிட்டுப் பார்த்து, அளவுகோலால் அளந்து சரிசெய்யுங்கள். தொலைபேசி எண்ணை மும்முறை எழுத வேண்டியதில்லை. இலக்கங்கள் மூன்று மொழிக்கும் பொது. ஒரே முறை, மிகப் பெரிதாக இடுங்கள். அதனால் மிஞ்சும் இடம் வாசகத்துக்குப் போகட்டும்.

9. எழுத்துரு, கோப்பு, அச்சகம்

பலகைகள் கெடும் இன்னோர் இடம் அச்சகத்துக்குச் செல்லும் கோப்பு. தமிழைப் பாமினியிலும் சிங்களத்தை அதுபோன்ற பழைய எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்யும் வழக்கம் இன்னும் உள்ளது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். தொடக்கத்திலிருந்தே, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான யுனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள்.

யுனிகோட்டிலும் ஒரு தடை உண்டு. சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்; சிங்களத்தில் கூட்டெழுத்துகள் பிரிந்துவிடும். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது பிழையாகத் தெரியாது. நீண்ட சொல்லை மென்பொருள் தானாக நடுவில் உடைப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

முடிந்த கோப்பை, எழுத்துகளை உருவங்களாக மாற்றிய பி.டி.எஃப் ஆகக் கொடுங்கள். அச்சகத்தார் மீண்டும் தட்டச்சு செய்ய இடமளிக்கக்கூடாது. மொழி தெரியாத கை தட்டச்சு செய்யும்போது “த” எங்கே “ந” ஆகும் என்பது தெரியாது, தாய்மாருக்கான அறிவித்தலில் அந்த ஓர் எழுத்து மாறினால் எவ்வளவு பெரிய அவமதிப்பாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முழு அளவிலான ஒரு மாதிரியை அச்சிட்டு, ஏழாம் படியில் கையொப்பமிட்ட தாளோடு ஒவ்வொரு மொழியின் வாசகரும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்னரே மற்றப் பிரதிகளுக்கு அனுமதி கொடுங்கள்.

10. பொருளும் இடமும்

நிரந்தரப் பலகைகளுக்குத் துணிப் பதாகை வேண்டாம். ஒரு வெயில் காலத்திலேயே வெளிறி, காற்றில் கிழிந்துவிடும். அலுமினியத் தகடு செலவு கூடியதாயினும் துருப்பிடிக்காது. உயிர் காக்கும் பலகைகளையாவது அதில் செய்யுங்கள்.

கண் மட்டத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில், செயல் நடக்கும் இடத்திலேயே மாட்டுங்கள். கை கழுவும் வாசகம் குழாய்க்கு மேலே வரட்டும், நுழைவாயிலில் அல்ல. திறந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் கதவுகளின் பின்புறத்தைத் தவிருங்கள். பாம்புக்கடிப் பலகைக்கு இரவு விளக்கு எரியும் இடமே பொருத்தம். விடுதியின் பெயரும் வளாகத்தின் பெயரும் அதன் அடியில் மும்மொழியிலும் இருக்கட்டும், ஏனெனில் 1990ஐ அழைப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது எங்கே இருக்கிறீர்கள் என்பதே. புதிதாக வந்த மாணவருக்குத் தம் விடுதியின் சரியான பெயர் அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வராமல் போகலாம்.

மாரி மழை ஒக்டோபரில் தொடங்கி நுளம்பைப் பெருக்கும் என்பதால், டெங்குப் பலகைகள் செப்டெம்பருக்குள் சுவரில் இருக்க வேண்டும். அதற்கு வாசக வேலையை யூலையிலேயே தொடங்குங்கள்.

11. பதிவேடும் அகற்றலும்

ஒவ்வொரு பலகைக்கும் ஓர் இலக்கம், இடம், மாட்டிய திகதி, வாசகத்துக்குப் பொறுப்பானவரின் பதவி, மீள்பரிசோதனைத் திகதி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். ஆளின் பெயரைவிடப் பதவியை எழுதுவது நல்லது, இடமாற்றத்தின் பின்னரும் பொறுப்பு எவரிடம் உள்ளது என்பது தெரியும்.

ஒவ்வோர் அரையாண்டின் தொடக்கத்திலும், புதிய மாணவர் வந்து இரண்டு கிழமைக்குள், பதிவேட்டோடு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். மூன்று மொழியும் ஒரே அளவுக்குத் தெளிவாக உள்ளனவா என்று பாருங்கள். ஒரு மொழி மட்டும் மங்கியிருந்தாலோ கீறப்பட்டிருந்தாலோ அந்தப் பலகை முழுவதையும் மாற்றுங்கள். மங்கிய வரியின் மேல் தாள் ஒட்டுவது அந்த மொழி பேசுபவருக்குச் செய்யும் அரைகுறை வேலை.

கோவிட் காலத்து இடைவெளி அறிவித்தல்கள் இன்னும் தொங்கினால் அகற்றிவிடுங்கள். தற்காலிகத் தாள்களின் மூலையில் அகற்ற வேண்டிய திகதியை ஒட்டும்போதே எழுதி, அந்தத் திகதியைப் பாதுகாப்பு உத்தியோகத்தரின் நாட்குறிப்பிலும் பதியச் செய்யுங்கள். அவர் எந்த மொழி பேசுபவராக இருந்தாலும் திகதியைப் பார்த்துத் தாளை எடுத்துவிட முடியும்.